ஊர்ச் சாரண வரலாற்றைத் தொகுப்பது எப்படி? தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் பழைய சாரணர்களுக்கும் ஒரு கையேடு

பள்ளி ஆண்டு மலர்களில் சாரணர் இயக்கத்துக்குப் பெரும்பாலும் ஒரே வரிதான் கிடைக்கிறது: ‘நம் பள்ளியில் சாரணர் படை இன்ன ஆண்டில் தொடங்கப்பட்டது.’ அந்த ஆண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், முந்தைய மலரைக் கைகாட்டுவார்கள். அதற்கு முந்தைய மலரிலும் அதே வரி இருக்கும். மூன்று மலர்கள் ஒரே ஆண்டைச் சொன்னாலும் அது மூன்று சான்று ஆகாது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியதுதான். இந்தக் கையேடு அந்த ஒற்றை வரியைப் பிரித்து, ஒரு பள்ளியின் அல்லது ஒரு கல்வி மாவட்டத்தின் சாரண வரலாற்றை ஆதாரத்தோடு எழுதும் வழியைச் சொல்கிறது. நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரு கல்வியாண்டுக்குள் முடிக்கலாம். தனியாளாகச் செய்வதானால் ஒரு பள்ளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது ‘தொடக்கம்’. ஒரு படைக்குக் குறைந்தது நான்கு தேதிகள் உண்டு: பையன்கள் முதலில் கூடிப் பயின்ற நாள், சங்கத்தில் பதிவான நாள், படை நின்றுபோன காலம், மறுபடி தொடங்கிய நாள். சாரண ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் படை கலைவதும், சில ஆண்டு கழித்து ஆர்வமுள்ள இன்னொருவர் வந்து எழுப்புவதும் எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். மறுதொடக்கத்தைத் தொடக்கமாக எழுதுவதும், இடைவெளியை மறைத்து ‘தொடர்ந்து இயங்கி வருகிறது’ என்று எழுதுவதும்தான் இத்தகைய நூல்களில் அடிக்கடி காணும் பிழைகள். நான்கு தேதிக்கும் தனித்தனியே சான்று தேடுங்கள். கிடைக்காத இடம் காலியாகவே இருக்கட்டும்.

எந்தச் சங்கம் என்பதே முதல் கேள்வி

1950க்கு முந்தைய எந்தத் தாளைப் பார்த்தாலும் ‘எப்போது’ என்று கேட்பதற்கு முன் ‘எந்தச் சங்கம்’ என்று கேளுங்கள். இந்தியாவில் அப்போது ஒரே சாரண அமைப்பு இருக்கவில்லை. இந்த வரிசையைத் தெரிந்துகொள்ளாமல் ஆவணத்தைத் தொட்டால், ஒரு சங்கத்தின் படையை இன்னொன்றின் கணக்கில் எழுதிவிடுவோம்.

சாரண இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் சோதனை முகாம் நடத்தியது 1907 ஆகஸ்டில். இரண்டே ஆண்டில், 1909இல், பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் கேப்டன் டி.எச்.பேக்கர் இந்தியாவின் முதல் படையைத் தொடங்கினார். அந்தக் காலத்துப் படைகள் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்களுக்கானவை. இந்தியச் சிறுவர்களுக்குச் சாரணப் பயிற்சி கொடுத்தால் அது ஆட்சிக்கு எதிராகத் திரும்பும் என்ற அச்சம் அதிகாரிகளிடம் இருந்தது. ஆகவே உங்கள் ஊரில் இந்தியப் பையன்கள் 1910 வாக்கிலேயே பேடன் பவலின் சங்கத்தில் பதிவானதாக ஒரு மலர் சொன்னால், மிகுந்த ஐயத்தோடு அணுகுங்கள்.

சென்னை மாகாணத்துக்கு உண்மையான திருப்பம் அன்னி பெசன்ட். ஜார்ஜ் அருண்டேலின் துணையோடு அவர் 1916-17இல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று இந்தியச் சாரணர் சங்கத்தை அமைத்தார். அந்தப் படைகளில் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. பாசறையில் இந்தியப் பாடல்கள். 1917 ஜூனில் பெசன்ட், அருண்டேல், பி.பி.வாடியா மூவரையும் அரசு உதகமண்டலத்தில் காவலில் வைத்ததையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தன்னாட்சிக் கிளர்ச்சியும் சாரண இயக்கமும் ஒரே கைகளில் இருந்த காலம் அது. 1921 தொடக்கத்தில் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்டின் சங்கம் உலக இயக்கத்தோடு இணைந்தது. பெசன்டுக்குக் கௌரவ ஆணையர் பொறுப்பு கிடைத்தது. ஆகச் சென்னை மாகாணத்து இந்தியப் படை ஒன்று 1917க்கும் 1921க்கும் இடையில் பிறந்திருந்தால், அது பெசன்ட் சங்கத்தின் படையாக இருக்க வாய்ப்பு அதிகம். 1921க்குப் பின் அதே படை வேறு பெயரில் பதிவாகியிருக்கும். மலர்களில் ‘1921’ என்றோ ‘1922’ என்றோ தொடக்கம் எழுதப்பட்டிருக்கும் இடத்தில் அதற்கு முந்தைய நாலைந்து ஆண்டுகளைக் கட்டாயம் துழாவிப் பாருங்கள்.

வடக்கே, மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோரால் 1918இல் அலகாபாத்தில் உருவான சேவா சமிதி சாரணர் சங்கம் தனியாகவே நின்றது. 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் தோன்றியது. விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7 அன்று ஆண்கள் சங்கங்கள் ஒன்றாகிப் பாரத சாரணர் அமைப்பு பிறந்தது. 1951 ஆகஸ்ட் 15 அன்று சாரணியர் சங்கமும் சேர்ந்தது. ‘பாரத சாரண சாரணியர்’ என்ற பெயர் 1950க்கு முந்தையதாகச் சொல்லப்படும் ஆவணத்தில் இருந்தால், அது பிற்காலத்தில் நினைவிலிருந்து எழுதிய தாள்.

எல்லைக் கோடுகள் எங்கே ஓடின

இன்றைய மாவட்ட வரைபடத்தை வைத்துக்கொண்டு தேடினால் பாதி ஆவணம் தப்பிவிடும். கன்னியாகுமரிப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தது. அதன் பழைய தாள்கள் திருவனந்தபுரத்தில் இருக்கும். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். தருமபுரி 1965 வரை சேலத்தோடும், ஈரோடு 1979 வரை கோயம்புத்தூரோடும் இருந்தன. புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில். இதற்கு மேல், சாரண அமைப்பு நம் மாநிலத்தில் வருவாய் மாவட்டத்தைப் பார்த்து நடப்பதில்லை, கல்வி மாவட்டத்தைப் பார்த்து நடக்கிறது. கல்வி மாவட்டங்களோ அடிக்கடி பிரிக்கப்பட்டவை. உங்கள் பள்ளி எந்தெந்த ஆண்டில் எந்தக் கல்வி மாவட்டத்தில் இருந்தது என்று ஒரு பட்டியல் போட்ட பிறகே மாவட்டத் தலைமையிடத்துக்குப் போங்கள்.

ரயில்வே ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ரயில்வே சாரணர்களுக்குத் தனி மாநிலச் சங்கத் தகுதி உண்டு. திருச்சி பொன்மலை போன்ற இடத்தில் ஒரு பையன் ரயில்வே படையில் இருந்தானா, பள்ளிப் படையில் இருந்தானா என்பதைப் பொறுத்து அவனுடைய தாள்கள் இருக்கும் இடம் மாறும். தெற்கு ரயில்வே உருவானது 1951 ஏப்ரலில். அதற்கு முன் தென்னிந்திய ரயில்வே என்ற பெயரில் தேடுங்கள்.

தாள்கள் எங்கே கிடைக்கும்

பள்ளியிலேயே தொடங்குங்கள். சாரணர் அறையில் இருக்கும் பீரோவை எல்லோரும் பார்ப்பார்கள். அலுவலக அறையை யாரும் பார்ப்பதில்லை. நம்பத்தக்க சான்று அலுவலக அறையில்தான் கிடக்கிறது. கல்வி ஆய்வாளர்கள் வந்தபோது எழுதிய பார்வைக் குறிப்பேட்டில் ‘சாரணர் அணிவகுப்பு கண்டேன்’ என்று ஒரு வரி இருந்தால், அது தேதியும் கையெழுத்தும் உள்ள வெளியாள் சாட்சி. சிறப்புக் கட்டணக் கணக்கில் சாரணருக்கென்று ஒரு தலைப்பு இருந்தால், எந்த ஆண்டு பணம் வசூலானது, எந்த ஆண்டு செலவே இல்லை என்பது தெரியும். படை உறங்கிய ஆண்டுகளைக் காட்டிக் கொடுப்பது இந்தக் கணக்குத்தான். ஆசிரியர் பணிப்பதிவேட்டில் சாரண ஆசிரியர் பயிற்சிக்குச் சென்ற நாட்கள் பதிவாகியிருக்கலாம்.

சாரணர் அறையில் தேட வேண்டியவை: பதிவுச் சான்றிதழ், ஆண்டுதோறும் அனுப்பிய உறுப்பினர் கணக்கெடுப்புப் படிவத்தின் நகல், படையின் லாக் புக் (நடவடிக்கைக் குறிப்பேடு), அணித்தலைவர் கூட்டக் குறிப்பேடு. லாக் புக்கில் முகாம் நடந்த ஊர், சமைத்த சாப்பாடு, மழை பெய்தது வரை இருக்கும். முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் மட்டும் தேதி பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். நடுவில் கையெழுத்து மாறும் பக்கம்தான் ஆசிரியர் மாறிய இடம்.

ஓய்வு பெற்ற சாரண ஆசிரியர்களிடம் இரண்டு பொருளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: நியமன வாரன்ட், சாரண ஆசிரியர்களின் உயர்நிலைப் பயிற்சிக்கான ஹிமாலய உட் பேட்ஜ் சான்றுத்தாள். இரண்டிலும் தேதி அச்சாகியோ எழுதப்பட்டோ இருக்கும். ‘ஏதாவது பழைய தாள் இருக்கிறதா ஐயா?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் வரும். பெயர் சொல்லிக் கேட்டால் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கும்.

சாரணர்களின் மிக உயர்ந்த விருதான ராஷ்டிரபதி விருதின் சான்றிதழைப் பார்க்கும்போது கவனம் தேவை. தேர்வு நடந்த ஆண்டு, முடிவு வந்த ஆண்டு, சான்றிதழ் வழங்கிய விழா ஆண்டு மூன்றும் வேறுவேறாக இருக்கலாம். பட்டியலில் எந்த ஆண்டைப் போடுகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்து, எல்லோருக்கும் அதையே பின்பற்றுங்கள். இல்லாவிட்டால் ‘நம் மாவட்டத்தின் முதல் ராஷ்டிரபதி சாரணர் யார்’ என்பதில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே வீண் மனக்கசப்பு வரும்.

வெளியே தேட, சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கல்வித் துறை அரசாணைகளையும் சென்னை மாகாணப் பொதுக் கல்வித் துறையின் ஆண்டறிக்கைகளையும் கேளுங்கள். பள்ளி அல்லது சங்கத்தின் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிவிட்டுப் போவது நல்லது. நேரே போய் நின்றால் ஒரு நாள் வீணாகும். அதே எழும்பூரில் கன்னிமாரா நூலகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பழைய இதழ்களுக்கு உதவும். பெசன்ட் காலத்துக்கு அடையாறு பிரம்மஞான சபையின் வெளியீடுகளும் அவர் நடத்திய ‘நியூ இந்தியா’ நாளேடும் தவிர்க்க முடியாதவை. சுதேசமித்திரன், தி இந்து, மெட்ராஸ் மெயில், 1934க்குப் பின் தினமணி ஆகியவற்றில் தேடும்போது ஆண்டு முழுவதையும் புரட்ட வேண்டாம். ஆளுநர் வருகை, மாகாண அணிவகுப்பு, பேடன் பவல் பிறந்தநாளான பிப்ரவரி 22ஐ ஒட்டிய நாட்கள், பெரிய திருவிழாக்கள் என்று குறிவைத்துப் பாருங்கள்.

அரசுப் பள்ளியோ கல்வி அலுவலகமோ தாளைக் காட்ட மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மனுப் போட்ட பிறகு அந்த அலுவலகத்தில் யாரும் உங்களுக்காகப் பரண் ஏறமாட்டார்கள்.

தேதி இல்லாத தாளுக்குத் தேதி கண்டுபிடிப்பது

தேதி கிழிந்துபோன, அல்லது எழுதப்படாத தாள்களே அதிகம் கிடைக்கும். அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. தாளிலேயே இருக்கும் சிறு குறிகளை வைத்து மேல் எல்லை, கீழ் எல்லை கட்டலாம்.

எடுத்துக்காட்டாக, முகாம் செலவுக் கணக்கு ஒன்று. கடிதத் தலைப்பில் ‘சென்னை மாநிலம்’ என்று இருக்கிறது. முகவரியில் அஞ்சல் குறியீட்டு எண் இல்லை. அரிசி, விறகு, மண்ணெண்ணெய் எல்லாம் ரூபாயிலும் நயா பைசாவிலும் எழுதப்பட்டிருக்கின்றன. 1969 ஜனவரி 14 முதல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு. ஆகவே தாள் அதற்கு முந்தையது. ஆறு இலக்க அஞ்சல் எண் வந்தது 1972 ஆகஸ்ட் 15; அதற்கும் முந்தையது. நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரல் 1. 1964 ஜூனில் ‘நயா’ உதிர்ந்து வெறும் பைசா ஆனது. ஆக இந்தத் தாள் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. அணாக் கட்டம் போட்ட கணக்கு நோட்டாக இருந்தால் 1957க்கு முந்தையது, அல்லது பழைய நோட்டையே ஓரிரு ஆண்டு ஓட்டியிருக்கிறார்கள். அச்சடித்த கடிதத் தாளும் தீரும்வரை பயன்படும் என்பதால், தலைப்பை மட்டும் நம்பும்போது இரண்டு மூன்று ஆண்டு கூடுதலாக விட்டுக் கணக்கிடுங்கள். கையால் எழுதிய பகுதி அச்சான பகுதியைவிட நம்பகமானது.

படிநிலைப் பெயர்களும் உதவும். டெண்டர்புட், செகண்ட் கிளாஸ், பர்ஸ்ட் கிளாஸ் என்று இருந்தால் பழைய முறை. பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான், ராஜ்ய புரஸ்கார் என்று இருந்தால் பிந்தையது. ‘கிங்ஸ் ஸ்கவுட்’ என்ற சொல் வந்தாலே ஆங்கிலேயர் காலம். சிறுமியர் பிரிவு ‘புளூ பேர்ட்’ என்று இருப்பது பழைய தாள், ‘புல்புல்’ என்பது பின்னாளையது. தமிழில் இன்றும் நீலப்பறவையர் என்பதால் தமிழ்த் தாளுக்கு இந்தக் குறி செல்லாது. சாரணச் சட்டத்தில் 10 விதிகள் இருந்தால் பேடன் பவல் வகுத்த பழைய வடிவம். இப்போதைய பாரத சாரணச் சட்டத்தில் 9.

அழைப்பிதழில் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டுச் சுழற்சியை மறக்கக் கூடாது. பிரபவ என்பது 1927-28ஆகவும் இருக்கலாம், 1987-88ஆகவும் இருக்கலாம். அச்செழுத்தையும் தாளையும் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

புகைப்படத்தைப் படிப்பது

குழுப் படம் என்றால் முதலில் அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, தெருப் பெயர், பென்சில் எண் ஏதாவது இருக்கும். பிறகு சீருடை. அகன்ற விளிம்புத் தொப்பியும் கையில் ஐந்தரை அடி மூங்கில் தடியும் இருந்தால் பழைய காலம். தலைப்பாகை பெசன்ட் படைகளின் அடையாளம்தான். ஆனால் 1921க்குப் பின்னும் இந்தியப் படைகள் தலைப்பாகை கட்டியிருக்கின்றன. ஆகவே தலைப்பாகையை மட்டும் வைத்து ‘பெசன்ட் படை’ என்று எழுதிவிடக் கூடாது. காக்கி பழையது, சாம்பல் நிறச் சட்டையும் கருநீலக் காற்சட்டையும் பின்னாளையது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இந்த வேறுபாடு தெரியாது என்பதால் சட்டையையும் காற்சட்டையையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே சாயலில் இருந்தால் காக்கியாக இருக்கலாம். காற்சட்டை தெளிவாகக் கறுத்திருந்தால் பிந்தைய சீருடை.

சின்னத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெறும் அல்லிப் பூ வடிவம் என்றால் 1950க்கு முந்தையதாக இருக்கக்கூடும். அல்லிப் பூவோடு சாரணியரின் மூவிலையும் நடுவில் அசோகச் சக்கரமும் இருந்தால் ஒருங்கிணைப்புக்குப் பிந்தையது. கொடி தெரிந்தால் இன்னும் எளிது: கருநீலத்தில் மஞ்சள் சின்னம் உள்ளது பாரத சாரணர் கொடி.

இனி, சாரணர் அல்லாதவர்களைச் சாரணர் என்று எழுதிவிடும் பிழை. காக்கிச் சீருடையில் வரிசையாக நிற்கும் பையன்கள் எல்லோரும் சாரணர் அல்லர். 1923இல் என்.எஸ்.ஹர்டிகர் தொடங்கிய காங்கிரஸ் சேவா தளத் தொண்டர்களாக இருக்கலாம். 1948க்குப் பிந்தைய தேசிய மாணவர் படையாக இருக்கலாம். இளம் செஞ்சிலுவைச் சங்கமாக இருக்கலாம். கழுத்துத் துண்டு, அதைக் கோக்கும் வளையம், சின்னம் மூன்றில் குறைந்தது இரண்டு தெரிந்தாலொழியச் சாரணர் என்று எழுதாதீர்கள். துப்பாக்கி பிடித்திருந்தால் கண்டிப்பாக வேறு அமைப்பு.

பெயர்களை அட்டையில் உள்ளபடியே எடுத்தெழுதுங்கள். முதலெழுத்து, சாதிப் பின்னொட்டு, எழுத்துப் பிழை எதையும் திருத்த வேண்டாம். இன்றைய பெயரை அடைப்புக்குறியில் சேர்க்கலாம். ‘நிற்பவர்கள் இடமிருந்து வலம்’ என்று இருக்கும் பட்டியலில் பெயர்களின் எண்ணிக்கையும் தலைகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று எண்ணுங்கள். படமெடுத்த அன்று வராதவர் பெயரும் பட்டியலில் இருப்பதுண்டு. அப்போது ஓர் ஆள் தள்ளித் தள்ளி வரிசை முழுதும் தவறாகும்.

பழுதாகாமல் படியெடுப்பது

ஸ்கேனரில் 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்து, கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ண முறையிலேயே எடுங்கள். பழுப்பேறிய சாயல், மை நிறம், முத்திரை நிறம் எல்லாம் பதிவாகும். 4×6 அங்குலப் படம் 2400×3600 புள்ளிகள் ஆகும். சுருக்காத டிஃப் கோப்பாக ஏறத்தாழ 26 எம்.பி. 400 படம் என்றால் 10 ஜி.பி.யைச் சற்றுத் தாண்டும். ஒரு 32 ஜி.பி. பென் டிரைவ் தாராளம். இரண்டேகால் அங்குலச் சதுரப் படங்களுக்கு 1200 வையுங்கள். பின்புறத்தையும் தனிக் கோப்பாக எடுக்க மறக்காதீர்கள். பின்புறம் இல்லாத படம் பாதிச் சான்றுதான். கோப்புப் பெயரில் பள்ளிக் குறியீடு, வரிசை எண், முன் அல்லது பின் என்பது போதும். ஆண்டைக் கோப்புப் பெயரில் வைக்காதீர்கள்: ஆண்டு பற்றிய உங்கள் முடிவு மாறும்போது பெயரும் மாறிக் குழப்பமாகும்.

ஸ்கேனர் இல்லாத வீட்டில் கைபேசி போதும். சன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் அணைத்து, படத்துக்கு நேர் மேலே பிடியுங்கள். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்கும்போது முகங்கள் உரிந்து வந்துவிடும். சாய்வாக ஒரு கறுப்புத் துணியைப் பிடித்தால் பிரதிபலிப்பு மறையும்.

லேமினேஷன் செய்யவே கூடாது. சூட்டில் படலம் கெடும், திரும்ப எடுக்கவும் முடியாது. செலோடேப் சில ஆண்டில் மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்னும். துருப்பிடித்த குண்டூசி, பின் ஆகியவற்றை மெல்ல எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் கட்டுங்கள். குறிப்பு எழுதப் பென்சில் மட்டும். நாப்தலின் உருண்டை தாளைத் தொடக் கூடாது. கடற்கரை ஊர்களில் இரும்பு பீரோவைவிடக் காற்றோட்டமுள்ள மரஅலமாரி நல்லது. வெள்ளிப்பூச்சி இருக்கும் பெட்டியை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். வாங்கிய பொருளை எழுதிக் கொடுத்து, திருப்பித் தந்ததும் கையெழுத்து வாங்குங்கள். ஒரே ஒரு ஆல்பம் தொலைந்தால் அந்த ஊரில் அடுத்த கதவு திறக்காது.

பெரியவர்களிடம் பேசுவது

ஒரு அமர்வுக்கு 45 நிமிடம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். கைபேசியை விமான நிலையில் (பிளைட் மோட்) வைத்து, பேசுபவரிடமிருந்து ஒரு அடி தூரத்தில், துண்டின் மேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்த முடியாவிட்டால் குறைத்துவிடுங்கள். தொடக்கத்தில் பெயர், பிறந்த ஆண்டு, படித்த ஆண்டுகள், அணியின் பெயர் நான்கையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

‘எந்த ஆண்டு?’ என்று நேரே கேட்டால் உருண்டையான எண் வரும்: 1950, 1960. ‘எந்த வகுப்பில் இருந்தீர்கள்?’ என்று கேளுங்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் தேர்வெழுதிய ஆண்டு இருக்கும். அதிலிருந்து கழித்தால் ஆண்டு கிடைக்கும். பதினோரு வகுப்பு முறையில் 1962 மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர் 1958-59இல் எட்டாம் வகுப்பு. அவர் ‘மூன்றாம் பாரம்’ என்று சொன்னாலும் அதே எட்டாம் வகுப்புத்தான். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்த பின் பத்தாம் வகுப்பிலிருந்து கழிக்க வேண்டும். தவறித் திரும்ப எழுதியிருக்கிறாரா என்பதைப் பக்குவமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; கூச்சத்தால் மறைத்தால் ஓராண்டு பிசகும்.

ஊரறிந்த நிகழ்ச்சிகளும் கொளுவியாகப் பயன்படும். ராமேசுவரம் பக்கம் 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயல். திருச்சியில் 1977 வெள்ளம். காஞ்சிபுரத்தில் அத்திவரதர் எழுந்தருளிய 1979. கும்பகோணத்தில் 1968, 1980, 1992 மகாமகங்கள். ‘புயலுக்கு முன்னாலயா, பின்னாலயா?’ என்று கேட்டால் தயங்காமல் பதில் வரும். கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் தண்ணீர் கொடுக்கவும் திருவிழாக்களுக்குப் போன நினைவு பலருக்கும் அழியாமல் இருக்கும் என்பதால், அங்கிருந்து பேச்சைத் தொடங்குவது நல்ல வழி.

மதிப்பு மிகுந்த இன்னொரு கேள்வி: ‘சீருடைக்குப் பணம் யார் கொடுத்தார்கள்? வாங்க முடியாத பையன் என்ன செய்தான்?’ யார் படையில் இருந்தார்கள், யாருக்கு இடம் இல்லாமல் போனது என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. இதைக் கேட்காத ஊர் வரலாறு வசதியுள்ளவர்களின் வரலாறாக மட்டும் நின்றுவிடும்.

சாரணியர் பக்கம் கூடுதல் உழைப்பு வேண்டும். இந்தியாவில் சாரணியர் இயக்கம் 1911இல் ஜபல்பூரில் தொடங்கியது. 1951 வரை தனிச் சங்கமாக இயங்கியது. அதனால் ஆண்கள் தலைமையிடத் தாள்களில் அவர்கள் இருக்கமாட்டார்கள். மகளிர் பள்ளிகளின் பதிவேடுகளைத் தனியாகக் கேட்க வேண்டும். திருமணத்துக்குப் பின் முதலெழுத்தும் ஊரும் மாறியிருக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள தந்தை பெயரையும் முகவரியையும் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவில் விசாரித்தால் கண்டுபிடிக்கலாம். அணிப் பெயரும் உதவும்: சாரணியர் அணிகளுக்குப் பூக்களின் பெயர். ‘மல்லிகை அணி’ என்றதும் பழைய தோழிகள் இன்னும் நாலு பேரைச் சொல்லுவார்கள். மாவட்ட வரலாற்றில் சாரணியருக்குப் பாதி இடம் கொடுக்க முடியாவிட்டால் நூலை இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.

சீட்டுகளும் தரக்குறியும்

ஒரு செய்திக்கு ஒரு சீட்டு. 3×5 அங்குல அட்டையோ கணினி அட்டவணையோ, எதுவானாலும் ஆறு கட்டம் போதும்: என்ன நடந்தது, எப்போது, எங்கே, எந்தச் சங்கம், எங்கிருந்து தெரிந்தது, தரம். தரத்துக்கு மூன்று எழுத்து. ‘அ’ என்றால் நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே எழுதப்பட்ட தாள். ‘ஆ’ என்றால் ஒன்றையொன்று பார்த்து எழுதாத, ஒத்துப்போகும் இரண்டு பிற்காலச் சான்றுகள். ‘இ’ என்றால் ஒரே நினைவு அல்லது ஒரே மலர். நூலில் ‘அ’வையும் ‘ஆ’வையும் உறுதியாக எழுதுங்கள், ‘இ’யை ‘இன்னார் சொல்கிறார்’ என்று ஆளோடு சேர்த்து எழுதுங்கள். ‘மாநிலத்திலேயே முதல்’, ‘ஆசியாவிலேயே முதல்’ என்பவை ‘அ’ சான்று இல்லாமல் அச்சேறக் கூடாது. எழுதுவதற்கு முன் சீட்டுகளை ஆண்டு வாரியாக மேசையில் பரப்புங்கள். எந்த ஆண்டில் சீட்டே இல்லையோ, அங்கே படை நின்றுபோனதா, தாள் தொலைந்ததா என்று கட்டணக் கணக்கைக் கொண்டு சரிபாருங்கள்.

அச்சும் பாதுகாப்பும்

டெமி அளவில் ஒரு பாரம், அதாவது ஒரு தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதி, 16 பக்கம். நான்கு பாரம், அதாவது 64 பக்கம், ஒரு பள்ளிக்குப் போதும். பக்கத்துக்கு 200 சொல் என்று வைத்தால், படங்களுக்கு 20 பக்கம் போக எழுத்துக்கு 8,000 சொல்லுக்கு மேல் இடம் இருக்கிறது. படங்கள் அச்சளவில் 300 டி.பி.ஐ. இருக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் சுருங்கியிருக்கும், அச்சில் முகம் கலங்கும். பெயர்ப் பட்டியலையும் படக் குறிப்புகளையும் பிழை திருத்த, நூலை எழுதாத இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் அந்தக் காலத்துப் படையில் இருந்தவராக இருக்கட்டும். உயிரோடிருப்பவர்களின் தொலைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் நூலில் வேண்டாம். இன்றைய மாணவர் படங்களுக்குப் பெற்றோர் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

நூல் வெளியான 30 நாளுக்குள், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் கன்னிமாரா உள்ளிட்ட மற்ற வைப்பு நூலகங்களுக்கும் படி அனுப்ப வேண்டும். மாவட்ட மைய நூலகத்துக்கும் பள்ளி நூலகத்துக்கும் ஒவ்வொன்று. ஸ்கேன் கோப்புகளை மூன்று படியாக வையுங்கள். ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். சீட்டுப் பெட்டியையும் ஒலிப்பதிவுகளையும் தொகுத்தவர் வீட்டில் விட்டுவிடாமல், பொருள் பட்டியலோடு பள்ளி நூலகத்தில் ஒப்படைத்து, தலைமையாசிரியரின் கையெழுத்தோடு இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். பதிவேட்டில் ஏறாத பெட்டி அடுத்த வெள்ளையடிப்பின்போது பழைய பேப்பர்காரரிடம் போய்விடும்.